ஆறாம் வகுப்புக் கழித்தல்: செயலாராய்ச்சித் தலைப்பை எப்படிச் சுருக்குவது?

குறிஞ்சி_கணக்கு

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி, 6ஆம் வகுப்பு, 32 பிள்ளைகள். டயட்டுக்கு (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) செயலாராய்ச்சி முன்மொழிவு, அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்து பார்க்கும் ஆய்வுக்கான முன்மொழிவு, ஒன்று தர வேண்டும். "ஆறாம் வகுப்பு மாணவர்களின் கணிதத் திறனைச் செயல்பாடுகள் வழி மேம்படுத்துதல்" என்று எழுதியிருக்கிறேன். தலைப்பு ரொம்பவும் பரந்து கிடக்கிறது, சுருக்குங்கள் என்கிறார்கள்.

வகுப்பில் கண்ணுக்குத் தெரிகிற சிக்கல் கழித்தல்தான். 503 − 276 மாதிரி கணக்கில் பாதிப் பேருக்கு மேல் தடுமாறுகிறார்கள். தசமம், அளவைகள் என்று எதைத் தொடங்கினாலும் இது குறுக்கே வந்து நிற்கிறது. ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கி, காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பயிற்சிக்கு நான்கு வாரம், வாரத்துக்கு 4 அமர்வு என்று நினைத்திருக்கிறேன்.

தெரிய வேண்டியவை: தலைப்பை எதுவரை சுருக்கலாம்? பாடவேளையை இழக்காமல் தரவு எடுப்பது எப்படி? 6ஆம் வகுப்பின் இன்னொரு பிரிவான 6ஆ வேறு ஆசிரியரிடம் இருக்கிறது, அதைக் கட்டுப்பாட்டுக் குழுவாக (புது முறை இல்லாமல் ஒப்பிட மட்டும் வைக்கும் குழு) வைக்கலாமா? டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) கட்டாயமா? மற்ற ஆசிரியர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வழி உண்டா?

---

வெண்கட்டி

டீச்சர், அந்தத் தலைப்பு பரந்து கிடப்பதைவிடப் பெரிய குறை, அதில் ஆசிரியர் எங்குமே இல்லை என்பது. மாணவர் திறன் குறைவு, அதை மேம்படுத்துதல் என்று எழுதியவுடன் பிள்ளைகள் ஆய்வுப் பொருளாகிவிடுகிறார்கள். செயலாராய்ச்சியில் ஆய்வுக்கு உள்ளாவது நீங்கள் கற்பிக்கும் முறையில் ஒரு சின்னப் பகுதி. அது வேலை செய்கிறதா இல்லையா என்பதற்குப் பிள்ளைகளின் விடைத்தாள் சாட்சி. கேள்வியை இந்த அச்சில் வார்த்துப் பாருங்கள்: "இன்ன இடத்தில் நான் செய்வதை இப்படி மாற்றினால், பிள்ளைகள் செய்யும் இன்ன தவறு எவ்வளவு குறைகிறது? யாருக்குக் குறையவில்லை?" கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். அறிக்கையில் பிறருக்கு உதவப்போவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

தவறு எது என்று தெரியாமல் மாற்றத்தைத் தீர்மானிக்க முடியாது. "கழித்தல் வரவில்லை" என்பது ஒரே நோய் இல்லை. 503 − 276க்கு 227 என்பது சரியான விடை. பிள்ளைகள் எழுதும் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேர் இருக்கிறது:

373 எழுதினால், மேலே கீழே பார்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது.
337 எழுதினால், ஒன்றையும் பத்தையும் 13, 10 ஆக்கிக்கொண்டு, கொடுத்த இடத்தில் எதையும் குறைக்கவில்லை.
327 எழுதினால், சுழியத்தை 9 ஆக்கத் தெரிந்திருக்கிறது, 5ஐ 4 ஆக்க விட்டுவிட்டது.
237 எழுதினால், 5ஐ 4 ஆக்கிச் சுழியத்தை 10 ஆக்கியது வரை சரி. அந்தப் பத்தில் ஒன்று போனபின் 9தான் மீதி என்பது விட்டுப்போனது.
277 அல்லது 207 எழுதினால், சுழியத்தைத் தாண்டி நேராக நூறிலிருந்து ஒன்றின் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. 0 − 7க்கு ஒரு பிள்ளை 7 போடும், இன்னொன்று 0 போடும்.

இந்த ஐந்துக்கும் ஒரே மருந்து கிடையாது. முதல் வகைப் பிள்ளைக்கு இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். 237 எழுதிய பிள்ளைக்கு ஒரே ஒரு படிதான் பாக்கி. அந்தப் பிள்ளையைக் குச்சிக்கட்டில் இருந்து மறுபடி தொடங்க வைத்தால் சலித்துப்போகும்.

முன் தேர்வுக்கு 15 கணக்கு போதும், ஐந்து வகை, வகைக்கு மூன்று: மாற்றிக் கழிக்க, அதாவது கடன் வாங்க, தேவையில்லாத இரண்டிலக்கம் (87 − 34), ஒரு தடவை மாற்ற வேண்டிய இரண்டிலக்கம் (62 − 38), ஒரு தடவை மாற்ற வேண்டிய மூன்றிலக்கம் (574 − 238), இரண்டு தடவை (734 − 268), நடுவில் சுழியம் (503 − 276). வகை வாரியாக அடுக்காமல் கலைத்து எழுதுங்கள். 30 நிமிடம். ஒரு வகையில் மூன்றில் ஒன்று தப்பினால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இரண்டோ மூன்றோ ஒரே மாதிரி தப்பினால்தான் அது அந்தப் பிள்ளையின் முறை.

கணக்கைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நுணுக்கம். மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 5 ஆக இருக்கக் கூடாது. 640 − 215ஐப் பாருங்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் 435. கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறந்தாலும் 435. எந்தத் தவறு என்று விடையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 640 − 217 கொடுத்தால் முதல் தவறு 437 என்றும் இரண்டாவது 433 என்றும் பிரிந்து வரும். பயிற்சிப் புத்தகக் கணக்குகளை அப்படியே எடுத்துத் தேர்வு வைப்பவர்கள் சறுக்கும் இடம் இது.

விடைத்தாளில் ✓ ✗ போடாதீர்கள். 32 வரிசை, 15 பத்தி உள்ள ஒரே தாளில் ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை எழுதிய விடையை அப்படியே எழுதி, பக்கத்தில் தவறின் குறியை (அ, ஆ, இ...) இடுங்கள். எந்த வகையிலும் அடங்காத விடை எழுதிய ஐந்தாறு பேரை மட்டும் தனியே உட்காரவைத்து, "இதை எப்படிப் போட்டாய், சொல்லிக்கொண்டே போடு" என்று கேட்டால் போதும். கேட்கும்போது திருத்தாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். திருத்திய மறுநொடி பிள்ளை தன் முறையை மறைத்துவிட்டு உங்கள் முறையைச் சொல்லத் தொடங்கும்.

---

நாற்காலி_வரிசை3

இடையில் ஒரு கேள்வி. கதைக் கணக்குக்கும் இப்படித் தவறுகளை வகைப்படுத்தலாமா?

---

வெண்கட்டி

ஆம், ஆனால் விடையை மட்டும் பார்த்து முடியாது. ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1977இல் வகுத்த ஐந்து படிகள் இதற்குப் பொருத்தம். வாசி, என்ன கேட்கிறது சொல், என்ன செய்யப்போகிறாய் சொல், செய்து காட்டு, விடையை எழுது. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அதுதான் பிரச்சினை. வாசிப்பிலேயே நிற்கிற பிள்ளைக்குக் கணக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

---

பொதிகைச்சாரல்

வெண்கட்டி சொன்னது பிள்ளைகள் பக்கத் தரவு. உங்கள் பக்கத் தரவு இல்லாவிட்டால் அறிக்கை பாதிதான். நான்கு வாரம் கழித்துத் தவறு குறைந்திருந்தால், நீங்கள் திட்டமிட்டது வகுப்பில் உண்மையாகவே நடந்ததால் குறைந்ததா என்ற கேள்விக்கு விடை வேண்டுமே.

பாடவேளை இழக்காமல் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது ஒலிப்பதிவு. கைபேசியை மேசையில் வைத்து வாரத்துக்கு ஒரு வகுப்பில் 15 நிமிடம் பதிவு செய்யுங்கள். முழு வகுப்பையும் பதிவு செய்தால் கேட்க நேரம் இராது, கோப்பு அப்படியே கிடக்கும். கேட்கும்போது இரண்டே விஷயம் எண்ணுங்கள். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தீர்கள்? விடை வகுப்பே சேர்ந்து ஒரே குரலில் சொன்னதா, ஒரு பிள்ளை சொன்னதா? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுச் சொன்னது இன்னமும் பொருந்துகிறது: ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருப்பது ஒரு நொடி அளவுதான், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் விடை நீளுகிறது, "தெரியாது" என்பது குறைகிறது. கழித்தலில் இது நேரடியாகப் பொருந்தும். "மூணுல இருந்து ஆறு போகுமா?" என்று கேட்டால் "போகாது டீச்சர்" என்று 32 குரலும் வரும். அதில் யாருக்குத் தெரியும், யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னது என்று கண்டுபிடிக்க வழியில்லை. "503ஐ நூறு, பத்து, ஒன்றாக வேறு எப்படி எழுதலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது இருக்கைப் படம். 32 கட்டம் போட்ட தாளில், யாரிடம் கேள்வி போனதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நீங்களே பாடம் நடத்திக்கொண்டு கோடு போட முடியாது. பாடவேளை இல்லாத ஆசிரியர் ஒருவர் பின்னால் 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும். அவரிடம் "வகுப்பு எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். கோடு மட்டும் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது நாட்குறிப்பு. அன்றே எழுத வேண்டும், 10 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. திட்டமிட்டது என்ன, நடந்தது என்ன, ஒரு பிள்ளை சொன்ன சொல் அப்படியே, நாளை எதை மாற்றுவது. இந்த நான்கு வரி போதும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதுக்கும் சேர்த்து எழுதினால் அதில் நடந்தது இருக்காது, நடந்திருக்க வேண்டியதுதான் இருக்கும்.

இன்னும் ஒன்று. ஒலிப்பதிவு செய்யத் தலைமையாசிரியர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லிவிடலாம். தாள்களில் பிள்ளைகளின் பெயருக்குப் பதில் எண் இடுங்கள். பெயர், எண் பட்டியல் தனியாக உங்களிடம் மட்டும் இருக்கட்டும். தவறான விடைத்தாளைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது ஒரு பிள்ளையின் கையெழுத்து, ஊரில் அடையாளம் தெரியும்.

---

அளவுகோல்

எண்கள் பற்றி.

டி-சோதனையை டயட் படிவம் கேட்டால் போடுங்கள், ஆனால் முடிவை அதன்மேல் நிறுத்தாதீர்கள். 32 பேர் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து குலுக்கி எடுத்த மாதிரி இல்லை. அது உங்கள் வகுப்பு, அவ்வளவுதான். பொதுமைப்படுத்துவதற்கான கருவியை வைத்து உங்கள் வகுப்பில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள முடியாது. சராசரியும் மறைக்கும். 15க்கு 7 ஆக இருந்த சராசரி 10 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஏறி, கடைசி ஆறு பேர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் இந்த எண் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன், பின் இரண்டையும் பக்கத்தில் வைத்து, தவறு வகை வாரியாக எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அறிக்கையில் அந்த அட்டவணைதான் நடுநாயகம்.

ஏமாற்றும் இடங்கள் நான்கு.

பின் தேர்வுக்கு அதே தாளைக் கொடுத்தால் விடை நினைவில் இருக்கும். வகையை மாற்றாமல் இலக்கத்தை மட்டும் மாற்றி இரண்டாம் தாள் தயாரியுங்கள். வித்தியாசம் 5 வரக் கூடாது என்ற விதி அதற்கும் பொருந்தும்.

முன் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த பத்துப் பேரை மட்டும் தேர்ந்து பயிற்சி கொடுத்தால், பயிற்சியே இல்லாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் சராசரி கொஞ்சம் ஏறும். அன்று காய்ச்சலோடு எழுதியவரும் பசியோடு எழுதியவரும் அந்தப் பத்துக்குள் இருப்பார்கள். தேர்ந்தெடுக்க ஒரே தேர்வை நம்பாமல், அந்த வார வகுப்புப் பயிற்சியையும் சேர்த்துப் பாருங்கள்.

முன் தேர்வு 32 பேர், பின் தேர்வு 27 பேர் எழுதினால், ஒப்பீடு அந்த 27 பேருக்கு மட்டும். விடுபட்ட 5 பேர் யார், ஏன் என்று தனியே எழுத வேண்டும். நீண்ட நாள் வராதவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் இருப்பவர்கள், அவர்கள் விடுபட்டாலே சராசரி தானாக ஏறிவிடும். வருகையையும் குறித்து வையுங்கள். 16 அமர்வில் 7க்கு மட்டும் வந்த பிள்ளைக்கு மாற்றம் இல்லை என்றால் அது உங்கள் முறையைப் பற்றி எதுவும் சொல்லாது.

பயிற்சி முடிந்த மறுநாள் வைக்கும் தேர்வில் எல்லாமே நன்றாக இருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து, சொல்லாமல், 10 கணக்கு மட்டும் கொடுங்கள். நிலைத்ததா என்று அதில்தான் தெரியும்.

கட்டுப்பாட்டுக் குழு: 6ஆ பிரிவை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆசிரியர் வேறு, பிள்ளைகள் வேறு, பாடவேளை வேறு. வித்தியாசம் வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. அதோடு, பயன்படும் என்று நினைக்கும் ஒன்றை ஒரு பிரிவுக்கு மறுப்பது சரியாகவும் இல்லை.

அதற்குப் பதில் உங்கள் வகுப்புக்குள்ளேயே ஓர் ஒப்பீடு வையுங்கள். முன் தேர்விலும் பின் தேர்விலும் 5 வகுத்தல் கணக்கு சேருங்கள். இந்த நான்கு வாரம் வகுத்தலைத் தொடாதீர்கள். கழித்தல் தவறு குறைந்து வகுத்தல் அப்படியே இருந்தால், மாற்றம் உங்கள் செயலால் என்று சொல்ல ஓரளவு பலம் உண்டு. இரண்டும் ஒரே அளவில் ஏறினால், காரணம் வேறு எதிலோ இருக்கிறது. வீட்டில் டியூஷன் சேர்ந்திருக்கலாம், தேர்வுக்குப் பழகியிருக்கலாம்.

---

மருதம்_பயிற்றுநர்

அளவுகோல் சார் சொன்னதில் ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். 6ஆ பிரிவை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியர் விரும்பினால், அவர் நான்கு வாரம் கழித்து அதே செயலைத் தொடங்கட்டும். யாருக்கும் மறுப்பு இல்லை. இரண்டு இடத்திலும் செயல் தொடங்கிய பின்னரே மாற்றம் வந்தால், அது ஒரு வகுப்பின் தற்செயல் இல்லை என்று தெரியும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மற்ற ஆசிரியர்களைச் சேர்க்க ஜப்பானியப் பள்ளிகளின் பாட ஆய்வு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே வேரூன்றியது அது. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். நம்மிடம் நடக்கும் வகுப்புப் பார்வையிலிருந்து இது பிரியும் இடம் முக்கியம்: பார்ப்பவர்கள் ஆசிரியரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பிள்ளைகளின் பக்கத்தில் நின்று, அந்தப் பிள்ளை எதை எழுதியது, எதை அழித்தது, எங்கே நின்றது என்று மட்டும் குறிப்பார்கள். முடிந்ததும் முதலில் பேசுவது பாடம் நடத்தியவர். பிறகு மற்றவர்கள் தாங்கள் குறித்ததைச் சொல்வார்கள். "நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம்" என்ற வாக்கியம் வரக் கூடாது. "மூன்றாம் வரிசைப் பிள்ளை பத்து ரூபாயைச் சில்லறையாக மாற்றியது, ஆனால் தாளில் குறைக்கவில்லை" என்ற மாதிரி வாக்கியம் வர வேண்டும். அது பாடத்தைத் திருத்த உதவும், ஆளைத் திருத்தப் பார்க்காது.

நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆசிரியரை ஒரே நேரத்தில் விடுவிப்பது கடினம். 20 நிமிடப் பகுதியை மட்டும் பார்க்கலாம். அல்லது 4, 5ஆம் வகுப்பு ஆசிரியர் ஒருவரை மட்டும் அழையுங்கள். கழித்தலின் வேர் அவர்கள் வகுப்பில்தான் இருக்கிறது. 6ஆம் வகுப்பின் தவறு அட்டவணையை அவர்கள் பார்த்தால், அடுத்த ஆண்டு உங்களிடம் வரும் பிள்ளைகளுக்கே அது உதவும். ஆனால் அட்டவணையை "உங்கள் பிள்ளைகளின் நிலை" என்று நீட்டினால் கதவு அன்றே மூடிக்கொள்ளும். குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) பகிரும்போதும் இதே கவனம் வேண்டும்.

இந்த முறைக்கே அடிப்படை, ஆசிரியர் பிறர் கண்டுபிடித்ததை நிறைவேற்றுபவர் மட்டும் அல்லர் என்பதுதான். கர்ட் லெவின் 1946இல் செயலாராய்ச்சி என்ற கருத்தை எழுதினார், ஸ்டீபன் கோரி 1953இல் அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார், இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் ஆசிரியரையே ஆய்வாளர் என்றார். படிவத்தை நிரப்பி அனுப்பிச் சான்றிதழ் வாங்குகிற வேலையாக இது சுருங்கும்போது உண்மையில் வருத்தமாக இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து, கிடைத்ததை வைத்து இரண்டாம் சுற்றைத் தொடங்கினால்தான் அது செயலாராய்ச்சி.

---

குறிஞ்சி_கணக்கு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

தலைப்பு: "100, 10, 1 ரூபாய் மாதிரிப் பணத்தை மாற்றிக் கழிக்கச் செய்து, ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே தாளில் குறிக்கச் செய்தால், நடுவில் சுழியம் உள்ள மூன்றிலக்கக் கழித்தலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் தவறுகள் எந்த அளவு குறைகின்றன?"

ஜூலை இரண்டாம் வாரம் முன் தேர்வு, தவறுகளை வகைப்படுத்தல். மூன்றாம் வாரத்திலிருந்து நான்கு வாரம், வாரத்துக்கு 4 அமர்வு, அமர்வுக்கு 20 நிமிடம். இருவர் இருவராக மாதிரிப் பணம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பின் தேர்வு. செப்டம்பர் மூன்றாம் வாரம் நிலைப்புத் தேர்வு.

---

வெண்கட்டி

தலைப்பு நன்றாக வந்திருக்கிறது. "உடனே தாளில் குறிக்கச் செய்தால்" என்பதுதான் அதன் உயிர். பணத்தை அழகாக மாற்றிவிட்டுத் தாளில் பழைய தவறையே செய்யும் பிள்ளைகள் நிறைய உண்டு. கையில் நடப்பதும் தாளில் நடப்பதும் இரண்டு தனி வேலையாக நின்றுவிடுவதால் அப்படி ஆகிறது. இருவரில் ஒருவர் பணத்தை மாற்ற, மற்றவர் எழுத, பாதியில் இடம் மாறச் சொல்லுங்கள். 100 ரூபாயைக் கொடுத்து நேராக ஒரு ரூபாய்களாக மாற்றக் கூடாது, முதலில் பத்துப் பத்து ரூபாயாகத்தான் என்பதைக் கட்டாயமாக்குங்கள். 277, 207 விடைகளின் வேர் அதில் இருக்கிறது.

ஒரு சோடிக்கு 100 ரூபாய் 9, பத்து ரூபாய் 20, ஒரு ரூபாய் 20 இருந்தால் எந்தக் கணக்கும் தட்டாது. 16 சோடிக்குக் கணக்கிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். பயிற்சியின் மூன்றாம் வாரத்திலிருந்து பணத்தை மெல்ல விலக்குங்கள்: முதலில் தாளில் போட்டுவிட்டுப் பணத்தால் சரிபார்ப்பது, கடைசி வாரம் பணம் இல்லாமல். பின் தேர்வு அன்று முதன்முறையாகப் பணம் இல்லாமல் எழுத வைத்தால் எண் சரிந்துவிடும்.

---

அளவுகோல்

நாள் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செப்டம்பர் மூன்றாம் வாரம் காலாண்டுத் தேர்வு நெருக்கத்தில் வரும். அப்போது எல்லாப் பிள்ளைகளும் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிலைத்ததா, தேர்வுக்குப் படித்ததா என்று பிரிக்க முடியாது. திருப்புதல் தொடங்கும் முன், செப்டம்பர் முதல் வாரக் கடைசியிலேயே வைத்துவிடுங்கள். இடைவெளி மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. சுதந்திர தின ஒத்திகையில் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பாடவேளைகள் போகும், 16 அமர்வில் இரண்டு மூன்று குறையும். குறைந்த எண்ணையே அறிக்கையில் எழுதுங்கள், 16 என்று எழுத வேண்டாம்.